சிறு வணிகர் தமக்கான வாடிக்கையாளர் பிரிவையும் சந்தை இடைவெளியையும் கண்டறிவது எப்படி? வடசென்னையை முன்வைத்து ஒரு முழுமையான வழிகாட்டி

"இங்கு அனைத்தும் கிடைக்கும்" என்று பலகை எழுதித் தொடங்கப்படும் கடைகளில் பல, சில மாதங்களிலேயே பக்கத்துக் கடையைவிட இரண்டு ரூபாய் குறைத்து விற்பதைத் தவிர வேறு வழி தெரியாமல் நிற்கின்றன. விலைக்குறைப்புப் போட்டியில் சிறு வணிகர் வெல்வது அரிது. மொத்தமாகக் கொள்முதல் செய்பவருக்குத்தான் அடக்கவிலை குறையும் என்பதால் அந்த ஆட்டம் தொடக்கத்திலேயே பெரியவர் பக்கம் சாய்ந்திருக்கிறது. ஆனால் யார் எந்த நேரத்தில் வருகிறார், எதற்காக வருகிறார், எதைக் கேட்டு இல்லாமல் திரும்புகிறார் என்பதைப் பெரிய கடையைவிடத் தெருமுனைக் கடைக்காரரே நன்கு அறிவார். அந்த அறிவை ஒழுங்குபடுத்திப் பயன்படுத்தும் முறைதான் இவ்வழிகாட்டியின் பொருள்.

சந்தையை ஒரே திரளாகக் கருதாமல், தேவையால் வேறுபடும் சிறு சிறு சந்தைகளின் தொகுப்பாகப் பார்க்க வேண்டும் என்ற கருத்தை அமெரிக்கரான வெண்டெல் ஸ்மித் 1956-இல் ஒரு கட்டுரையில் முன்வைத்தார். அதன்பின் வந்த பாடநூல்கள் வயது, பாலினம், வருமானம், வசிப்பிடம் என்று பிரித்துக் காட்டும் அட்டவணைகளைப் பெருக்கிவிட்டன. நாடு முழுவதும் சோப்பு விற்கும் நிறுவனத்துக்கு அவை உதவலாம். தண்டையார்ப்பேட்டையில் பத்துக்குப் பன்னிரண்டு அடிக் கடை நடத்துபவருக்கு அவற்றால் பெரிய பயன் இல்லை என்பதே என் கருத்து. இங்கே "பிரிவு" என்று நான் குறிப்பது, ஒரே நேரத்தில் ஒரே தேவையோடு வரும் மனிதர்களை. "இடைவெளி" என்பது, அவர்கள் அந்தத் தேவையை இப்போது சரியாக நிறைவேற்றிக்கொள்ள முடியாமல், பணத்தையோ நேரத்தையோ உடலுழைப்பையோ கூடுதலாகச் செலவிட்டுச் சமாளித்துக்கொண்டிருக்கும் இடம். அப்படி ஒருவரும் சமாளித்துக்கொண்டிருக்கவில்லை என்றால் அங்கே இடைவெளி இல்லை. வெறும் வெற்றிடம்தான் இருக்கிறது.

படி 1: உங்கள் கல்லாவையே முதலில் படியுங்கள்

வெளியே ஆய்வுக்குக் கிளம்புமுன், கையில் ஏற்கெனவே இருக்கும் பதிவுகளைப் பார்த்துவிட வேண்டும். பில் புத்தகமும் கடன் நோட்டும் பெரும்பாலான கடைகளில் உண்டு. இவற்றோடு, அநேகமாக யாரும் திறந்து பார்க்காத மூன்றாவது பதிவு ஒன்றும் இருக்கிறது. அது யுபிஐ வரவுப் பட்டியல். கியூஆர் அட்டை வழியாக வந்த ஒவ்வொரு தொகைக்கும் தேதியும் நேரமும் அதில் தானாகவே பதிவாகியிருக்கும். கடந்த மூன்று மாதப் பட்டியலை இறக்கிக்கொண்டு, எந்த மணிக்கு எத்தனை வரவு, மாதத்தின் எந்த நாள்களில் கூடுகிறது, ஒரு முறைக்கான தொகை பெரும்பாலும் எவ்வளவு என்ற மூன்றை மட்டும் எண்ணுங்கள். மாலையில்தான் வியாபாரம் என்று நம்பிக்கொண்டிருக்கும் மளிகைக்கடைக்காரருக்கு, காலை ஆறரைக்கும் ஏழரைக்கும் இடையில் இருபது, நாற்பது ரூபாய்களாக விழும் நீண்ட வரிசை கண்ணில் படக்கூடும். அந்த நேரத்தில் வருபவர்கள் ஒரு பிரிவு. அவர்களைப் பற்றி அவர் அதுவரை யோசித்தே இருக்கமாட்டார்.

கடன் நோட்டு வேறொன்றைச் சொல்லும். யார் எந்தத் தேதியில் பாக்கியைத் தீர்க்கிறார் என்பதைக் குறித்தால், அந்த வீட்டுக்குப் பணம் எப்போது வருகிறது என்பது தெரிந்துவிடும். இது மூன்றாம் படியில் தேவைப்படும்.

புதிதாகத் தொடங்குபவரிடம் இப்பதிவுகள் இரா. அவர் தாம் எண்ணியிருக்கும் தொழிலில் ஏற்கெனவே இருக்கும் உறவினர் அல்லது நண்பர் கடையில் சில நாள்கள் கல்லாவுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து பார்ப்பது நல்லது. இதைக் கௌரவக் குறைவாக நினைப்பவர்கள் பின்னால் வாடகை கட்டி அதே பாடத்தைப் படிக்கிறார்கள்.

படி 2: "இல்லை" என்று சொல்லும் ஒவ்வொரு முறையும் எழுதிவையுங்கள்

விற்றது பதிவாகிறது, விற்காமல் போனது எங்கும் பதிவாவதில்லை. வாடிக்கையாளர் ஒன்றைக் கேட்டு நாம் "இல்லை", "நாளைக்கு வாங்க", "அந்த அளவு வராது" என்று சொல்லி அனுப்பும் ஒவ்வொரு தருணமும் சந்தை நமக்கு இலவசமாகத் தரும் தகவல். இதற்கென ஒரு நாற்பது பக்க நோட்டு போதும். நான்கு பத்திகள் போடுங்கள்: நாளும் நேரமும், கேட்ட பொருள் அல்லது வேலை, கேட்டவரைப் பற்றி ஓரிரு சொல், இல்லை என்றதும் அவர் என்ன செய்தார். நான்காவது பத்திதான் மிக முக்கியமானது. வேறொன்றை வாங்கிக்கொண்டவர், பிறகு வருகிறேன் என்றவர், முகம் சுருங்கித் திரும்பிப் போனவர் ஆகியோரின் தேவை ஒரே அழுத்தம் உடையது அல்ல.

பழைய வண்ணாரப்பேட்டையில், ஜவுளிக்கடைகள் நிறைந்த எம்.சி. ரோட்டுக்குப் பக்கத்துச் சந்தில் ஒரு தையற்கடை இருப்பதாக வைத்துக்கொள்வோம். ஜாக்கெட், சுடிதார் தைப்பதும் சேலைக்கு ஃபால்ஸ், பீக்கோ அடிப்பதும் அங்கே நடக்கும் வேலை. அதன் நோட்டில் இப்படி ஒரு பதிவு விழும்: "சனி, மாலை 6.40. புதுச் சுடிதார், இரண்டு பக்கமும் பிடிக்க வேண்டும், கை ஏற்ற வேண்டும். கையில் ஜவுளிக்கடைப் பை. நாளைக்கு என்றதும் போய்விட்டார்." அந்த மாலை நடந்த பேச்சு இவ்வளவுதான்.

"அக்கா, கொஞ்சம் புடிச்சுக் குடுத்துடுங்களேன். நான் இங்கயே வெயிட் பண்றேன்."

"கையில வேலை நிறைய கெடக்கும்மா. நாளைக்குச் சாயங்காலம் வா, குடுத்துடறேன்."

"பொன்னேரிலேர்ந்து வரேன்கா. இதுக்காக மறுபடியும் ட்ரெயின் ஏறி வர முடியுமா?"

இந்த மூன்று வரிகளில் ஒரு முழுப் பிரிவும் அடங்கியிருக்கிறது. வந்தவர் உள்ளூர்க்காரர் அல்லர், புறநகர் ரயிலில் வந்து ரெடிமேட் வாங்கியவர், இன்றே அளவு சரியாக வேண்டும், காத்திருக்கவும் தயார். தையற்காரர் அதுவரை தம் வாடிக்கையாளர் என்று நினைத்திருந்தவர், மூன்று தெருவுக்குள் குடியிருந்து, ஒரு வாரம் பொறுத்து ஜாக்கெட்டை வாங்கிச் செல்பவர். இருவரும் பெண்கள், ஏறத்தாழ ஒரே வயது, ஒரே வருமானம் என்றே வைத்துக்கொண்டாலும் அவர்கள் இருவேறு சந்தைகள்.

நோட்டைக் குறைந்தது மூன்று வாரம், மாதத் தொடக்கம் ஒன்றையும் சேர்த்து, நடத்த வேண்டும். கடையில் வேலை செய்பவர் எழுதமாட்டார் என்பதே பலருக்கு வரும் சிக்கல். நோட்டைக் கல்லா மேலேயே வைத்து, பேனாவை நூலால் கட்டிவிடுங்கள். கட்டாத பேனா ஒரு நாளுக்கு மேல் எந்தக் கடையிலும் தங்குவதில்லை.

படி 3: பணம் கைக்கு வரும் நாளையும் தேவை எழும் சூழலையும் வைத்துப் பிரியுங்கள்

வடசென்னையில் ஒரே தெருவில் நான்கு வகையான பணவரவு இருக்கும். நாள்கூலி பெறுபவர், சனிக்கிழமை வாரச் சம்பளம் பெறும் ஒப்பந்தத் தொழிலாளர், மாதச் சம்பளக்காரர் அல்லது ஓய்வூதியர், கடலுக்குப் போய் வந்ததும் பங்கு பிரித்துக்கொள்ளும் விசைப்படகுத் தொழிலாளர். ஒரு மாதத்தில் இந்த நால்வரும் ஈட்டும் தொகை சமமாகவே இருந்தாலும், வாங்கும் அளவும் நாளும் முற்றிலும் வேறு. நாள்கூலிக்காரர் வீட்டுக்கு எண்ணெய் நூறு மில்லியாக வேண்டும். ஒரு லிட்டர் பாக்கெட் கூட்டிக் கழித்தால் மலிவு என்பது அவருக்குத் தெரியும், ஆனால் அந்தத் தொகை ஒரே நாளில் கையில் இராது. மாதச் சம்பளக்காரர் முதல் வாரத்தில் மொத்தமாக வாங்கிவிட்டு இருபதாம் தேதிக்குப் பிறகு கடைப் பக்கம் வருவதைக் குறைப்பார்.

காசிமேட்டை ஒட்டிய பகுதிகளில் இந்தத் தாளம் ஆண்டுக் கணக்கிலும் ஓடுகிறது. கிழக்குக் கடற்கரையில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள்கள் விசைப்படகுகளுக்கு மீன்பிடித் தடை. அந்த நாள்களில் விசைப்படகை நம்பியிருக்கும் வீடுகளில் செலவு சுருங்கும்; அதே சமயத்தில் படகு பழுதுபார்ப்பு, வண்ணம் அடித்தல், வலை சீரமைப்பு, இயந்திர வேலை ஆகியவை நடக்கும். ஆகவே ராயபுரத்தில் வீட்டு உபயோகப் பொருள் விற்பவருக்கு மந்தமான இரண்டு மாதம், பெயின்ட், கயிறு, இரும்புச் சாமான் விற்பவருக்குப் பரபரப்பான இரண்டு மாதமாக இருக்கலாம். இந்த நாள்காட்டியைப் பாராமல் மே மாதத்தில் புதுக் கடை திறந்துவிட்டு, ஏரியா சரியில்லை என்று முடிவு கட்டுவது தவறு.

பெண்களின் கையில் தனியாக வந்து சேரும் பணமும் கணக்கில் சேர வேண்டும். 2023 செப்டம்பரில் தொடங்கிய மகளிர் உரிமைத்தொகை மாதம் 1,000 ரூபாயைக் குடும்பத் தலைவியின் வங்கிக் கணக்கில் நேராகச் சேர்க்கிறது. 2021 மே முதல் சாதாரணக் கட்டண நகரப் பேருந்துகளில் பெண்களுக்குக் கட்டணம் இல்லை என்பதால், வியாசர்பாடியில் இருப்பவர் ஐம்பது ரூபாய் வித்தியாசத்துக்காகப் பாரிமுனைக்குப் போய் வருவது இப்போது கட்டுப்படியாகும் செயல். இது சில கடைக்காரருக்குப் பாதகம். தொலைவில் இருந்தும் வரச்செய்யும் ஒரு பொருளை வைத்திருப்பவருக்குச் சாதகம்.

பணவரவுக்கு அடுத்தது சூழல். ஓல்டு ஜெயில் ரோட்டில் உள்ள ஸ்டான்லி அரசு மருத்துவமனைக்கு வட மாவட்டங்களிலிருந்தும் ஆந்திரப் பகுதிகளிலிருந்தும் நோயாளிகள் வருகிறார்கள். நோயாளியைக் காட்டிலும் சிறு வணிகர் கவனிக்க வேண்டியவர் கூட இருக்கும் உறவினர். அவர் அவசரத்தில் கிளம்பி வந்தவர். பாய், ஃபிளாஸ்க், மக்கு, பல்துலக்கும் சாமான், போன் சார்ஜர், வெந்நீர், காரமில்லாத சாப்பாடு எல்லாம் ஒரே நாளில் வேண்டும். எத்தனை நாள் தங்குவார் என்பது அவருக்கே தெரியாது. இவை ஒவ்வொன்றும் அப்பகுதியில் தனித்தனிக் கடையில் கிடைக்கலாம். ஒரே பையில், நியாய விலையில், இரவு ஒன்பதுக்கு மேல் கிடைக்கிறதா என்பதே கேள்வி. ராயபுரத்தில் உள்ள ஆர்.எஸ்.ஆர்.எம். மகப்பேறு மருத்துவமனையைச் சுற்றியோ தேவை வேறு: துவைத்து மென்மையாக்கிய பருத்தித் துணி, பிள்ளை பெற்றவளுக்கான பத்தியச் சாப்பாடு, காலையில் சுடுகஞ்சி.

எண்ணூர் விரைவுச் சாலையில் துறைமுகத்துக்குள் நுழையக் காத்திருக்கும் டிரெய்லர் ஓட்டுநர் மற்றொரு சூழல். வண்டியை விட்டு அவரால் நகர முடியாது. ஆகவே கடைதான் அவரிடம் போக வேண்டும். மணலி, மாதவரம், எண்ணூர்ப் பகுதிகளில் தங்கியிருக்கும் பீகார், ஒடிசாத் தொழிலாளருக்குக் கடுகெண்ணெயும் கோதுமை மாவும் 'சத்து' எனப்படும் வறுத்த கடலை மாவும் அவரவர் ஊர்ச் சுவையில் வேண்டும். பக்கத்து மளிகைக்கடையில் ஒரு வரிசையை இதற்கு ஒதுக்கியவர்களுக்கு அதன் பயன் தெரியும். மூன்று ஷிஃப்டாக இயங்கும் தொழிற்சாலைகளுக்கு அருகில், இரவுப் பணி முடித்துக் காலை ஆறரைக்கு வெளியே வருபவருக்கு அது இரவுச் சாப்பாட்டு வேளை. இட்லி, பொங்கலுக்குப் பதில் சோறும் குழம்பும் கேட்கும் ஆள் அவர்.

இப்படித் தேர்ந்த ஒவ்வொரு பிரிவையும் ஒரே வாக்கியமாக எழுதிப் பாருங்கள். யார், எந்த நேரத்தில், எதை முடிக்க வேண்டி, இப்போது எப்படிச் சமாளிக்கிறார் என்ற நான்கும் அதில் இருக்க வேண்டும். "எம்.சி. ரோட்டில் ரெடிமேட் வாங்கும் வெளியூர்ப் பெண், சனி ஞாயிறு மாலையில், ரயில் ஏறுமுன் அளவைச் சரிசெய்துகொள்ள விரும்புகிறார். இப்போது ஊருக்குப் போய் வேறு தையற்காரரிடம் கொடுக்கிறார் அல்லது தொளதொளவென்றே அணிகிறார்." நான்கில் ஒன்றை எழுத முடியவில்லை என்றால் அந்தப் பிரிவை நீங்கள் இன்னும் அறியவில்லை என்று பொருள்.

படி 4: தெருவைப் பல வேளைகளில் நடந்து பாருங்கள்

புள்ளிவிவரம் தேடி அலைவதற்கு ஓர் எல்லை உண்டு. வார்டு வாரியான மக்கள்தொகைக்கு நாம் நம்பக்கூடிய கணக்கெடுப்பு 2011-இல் எடுக்கப்பட்டது. அதன்பின் 2021 பிப்ரவரியில் மெட்ரோ ரயில் வண்ணாரப்பேட்டையிலிருந்து விம்கோ நகர் வரை நீட்டிக்கப்பட்டு, திருவொற்றியூர் நெடுஞ்சாலையில் மக்கள் நடக்கும் பாதையே மாறியிருக்கிறது. நிலைய வாசலில் ஒரு பக்கம் கூட்டம் வழிய, எதிர்ப்பக்கக் கடைகளுக்கு அதில் பாதி கூட வராத நிலையை நேரில் நின்று எண்ணினால்தான் அறியலாம். காலை ஏழு மணி, பிற்பகல் இரண்டரை, இரவு ஒன்பதரை ஆகிய மூன்று வேளையும், வேலைநாளில் ஒரு முறையும் ஞாயிற்றுக்கிழமை ஒரு முறையும் நடந்தால் போதும்.

நடக்கும்போது போட்டியாளர்களிடம் விலையை மட்டும் பார்க்காதீர்கள். எத்தனை மணிக்குத் திறக்கிறார்கள், எத்தனை மணிக்கு ஷட்டர் இறங்குகிறது, மிகச் சிறிய அளவு எது, கடன் உண்டா, வீட்டுக்குக் கொண்டுபோய்க் கொடுக்கிறார்களா, பழுதானால் திரும்பப் பெறுகிறார்களா என்பவற்றைக் குறியுங்கள். கூகுள் மேப்ஸில் அவர்களுக்குக் கிடைத்துள்ள ஒற்றை நட்சத்திர விமர்சனங்கள் நல்ல வாசிப்பு. "சொன்ன நாளில் தரவில்லை" என்ற குறை மூன்று கடைகளில் திரும்பத் திரும்ப வருமானால் அங்கே ஓர் இடைவெளி எழுத்திலேயே இருக்கிறது.

படி 5: "வாங்குவீர்களா?" என்று கேட்காதீர்கள்

நம் ஊரில் முகத்துக்கு நேரே யாரும் "வாங்கமாட்டேன்" என்று சொல்வதில்லை. "சூப்பரா இருக்கும்ணா, ஆரம்பிங்க, நாங்க எல்லாம் இருக்கோம்" என்ற ஆதரவு மொழியை நம்பிக் கடன் வாங்கியவர் பலர். எனவே எதிர்காலத்தைக் கேட்காமல் நடந்து முடிந்ததைக் கேளுங்கள். "அக்கா, போன ஜூன்ல பையனுக்கு யூனிஃபார்ம் எங்க தைச்சீங்க? எத்தனை தடவை அலைய வெச்சாங்க? கடைசியில எவ்ளோ ஆச்சு?" என்ற கேள்விக்கு வரும் பதிலில் பொய்க்கு இடம் குறைவு. "எத்தனை முறை", "எவ்வளவு", "யாரிடம்" என்ற மூன்றுக்கும் உடனடியாகப் பதில் வந்தால் அந்தத் தேவை உண்மையானது. நினைவுபடுத்திக்கொள்ள நேரம் எடுத்தால் அது அவருக்குப் பெரிய தொல்லையாக இருந்ததில்லை.

ஒரு பிரிவுக்குப் பத்துப் பதினைந்து பேரிடம் பேசினால் பதில்கள் திரும்பத் தொடங்கிவிடும். அதற்கு மேல் கேட்டுக்கொண்டிருப்பது வேலையைத் தள்ளிப்போடும் ஓர் உத்தி.

படி 6: இடைவெளியா, வெற்றிடமா என்று சோதியுங்கள்

"இந்தப் பக்கம் அப்படி ஒரு கடையே இல்லை" என்பது உற்சாகம் தரும் வாக்கியம், ஆபத்தானதும் அதுதான். ஒரு பொருள் ஓரிடத்தில் இல்லாமலிருக்கக் குறைந்தது ஐந்து காரணங்கள் இருக்கலாம். யாருக்கும் வேண்டாம். வேண்டும், ஆனால் அந்த விலை கொடுக்க இயலாது. வேண்டும், ஆனால் ஏற்கெனவே வேறிடத்தில் திருப்தியாகக் கிடைக்கிறது. சட்டமோ இடவசதியோ தடுக்கிறது. கடைசியாக, யாரும் இதுவரை கவனிக்கவில்லை. இந்த ஐந்தாவதுதான் நமக்கு உரியது; முதல் நான்கையும் தள்ளுபடி செய்த பிறகே அதற்கு வர வேண்டும்.

மூன்றாவது காரணம் வடசென்னையில் மிக வலுவானது. துணிக்குக் கோடவுன் தெரு, காகிதத்துக்கும் திருமண அழைப்பிதழுக்கும் ஆண்டர்சன் தெரு என்று பாரிமுனையை ஒட்டிய ஜார்ஜ் டவுன் நெடுங்காலமாகத் தெருவுக்கொரு சரக்கு வைத்திருக்கிறது. காய்கறி மொத்த வியாபாரம் 1996-இல் கொத்தவால்சாவடியிலிருந்து கோயம்பேட்டுக்குப் போய்விட்டாலும், மற்றவை பல அங்கேயே இருக்கின்றன. கொருக்குப்பேட்டையில் அழைப்பிதழ்க் கடை இல்லை என்றால், யாருக்கும் தோன்றவில்லை என்பதல்ல காரணம். குடும்பத்தோடு பாரிமுனைக்குப் போய் நூறு மாதிரிகளைப் புரட்டிப் பார்த்துத் தேர்வு செய்வதையே மக்கள் விரும்புகிறார்கள். எதிர்த்திசையில், கொளத்தூரில் வண்ணமீன் கடைகள் நெருங்கியிருப்பதைப் பார்த்து அங்கே இடமில்லை என்று எண்ணுவதும் சரியன்று. மற்றுமொரு மீன் கடைக்கு இடம் குறைவாக இருக்கலாம்; மீன்களை உயிரோடு வெளியூருக்கு அனுப்பும் பொதிகட்டல், தொட்டி பொருத்திப் பராமரிக்கும் வேலை, உயிருணவு வழங்கல் ஆகியவற்றுக்கு அந்த நெரிசல்தான் சந்தை.

வெற்றிடத்தைக் கண்டறிய நல்ல வழி, மூடிய கடைகளை விசாரிப்பது. "முன்னாடி இந்தக் கடையில என்ன இருந்துச்சுண்ணே? எத்தனை மாசம் ஓடுச்சு?" என்று பக்கத்து டீக்கடையில் கேளுங்கள். வீட்டு உரிமையாளர் சொல்லமாட்டார், டீக்கடைக்காரர் மறைக்கமாட்டார்.

படி 7: எண்ணிக்கையைப் பணமாக மாற்றுங்கள்

தையற்கடை எடுத்துக்காட்டுக்கே திரும்புவோம். பின்வரும் எண்கள் கணக்கு முறையைக் காட்ட நான் வைத்துக்கொண்டவை. உங்கள் நோட்டில் உள்ளவற்றை அவற்றின் இடத்தில் போடுங்கள்.

நோட்டின்படி, உடனே பிடித்துத் தரக் கேட்பவர் வேலைநாளில் 15 பேர், சனி ஞாயிறுகளில் நாளுக்கு 40 பேர். கேட்பவர் எல்லாரும் வாங்குபவர் அல்லர். ஐந்தில் மூவர்தான் காத்திருந்து பணம் கொடுப்பார் என்று வைத்தால், வேலைநாளில் 9, வார இறுதியில் 24. ஓர் உடுப்புக்குக் கூலி 60 ரூபாய். நூல், மின்சாரம் போக 55 நிற்கும். இந்த வேலைக்கென்றே அமர்த்தும் தையற்காரருக்கு நாள் சம்பளம் 800. எனில் சம்பளத்துக்கே நாளுக்கு 15 உடுப்புகள் வர வேண்டும். வேலைநாளில் 9 உடுப்புக்கு 495 ரூபாய்தான் வரும், 305 நட்டம். வார இறுதியில் 1,320 வரும், 520 மிச்சம். வாரம் ஏழு நாளும் நடத்தினால் ஐந்து நாள் நட்டம் 1,525, இரண்டு நாள் லாபம் 1,040. வாரத்துக்கு 485 ரூபாய் நட்டம். சனி ஞாயிறு மட்டும் நடத்தினால் 1,040 முழுவதும் லாபம்.

ஆகவே இடைவெளி உண்மைதான். ஆனால் அது வாரத்தில் இரண்டு நாள் மட்டும் திறந்திருக்கும் இடைவெளி. தீபாவளி, பொங்கலுக்கு முந்தைய வாரங்களில் எல்லா நாளும் வார இறுதியைப் போல் ஆகிவிடும் என்பதால் அப்போது முழுநேர ஆள் போடலாம். பெரும்பாலான திட்டங்கள் தவறான இடைவெளியால் விழுவதில்லை. சரியான இடைவெளிக்கு அளவுக்கு மீறிய செலவு வைப்பதால்தான் விழுகின்றன.

படி 8: அட்வான்ஸ் கொடுக்குமுன் சோதனை

பத்து மாத வாடகையை அட்வான்ஸாகக் கேட்பது சென்னையில் பழகிப்போனது. அந்தப் பணத்தைப் பூட்டிவைக்குமுன், இருக்கும் கடையில் ஒரு மேசை, வேறொருவர் கடை வாசலில் உள்வாடகை, வாட்ஸ்அப்பில் முன்பதிவு ஆகியவற்றில் ஏதேனும் ஒன்றால் ஆறு வாரம் சோதித்துவிட வேண்டும். சோதனைக்குத் தீபாவளிக் காலத்தையும் மீன்பிடித் தடைக்காலத்தையும் பெருமழைக் காலத்தையும் தவிர்ப்பது நல்லது. அவை பொய்யான உற்சாகத்தையோ பொய்யான சோர்வையோ தரும். தண்டல் பணத்தில் சோதனை நடத்தாதீர்கள். தினமும் மாலை வசூலுக்கு ஆள் வந்து நிற்கும்போது யாருக்கும் எதையும் நிதானமாகக் கவனிக்க முடியாது.

எத்தனை விற்றால் தொடர்வது, எத்தனைக்குக் கீழே போனால் நிறுத்துவது என்று தொடங்கும் நாளிலேயே எழுதி, வீட்டில் ஒருவரிடம் கொடுத்துவையுங்கள். இரண்டாவது முறை வந்தவர் எத்தனை பேர் என்பதையும் எண்ணுங்கள். முதல்முறை வருபவர் ஆவலால் வரலாம். மருத்துவமனை உறவினர் போன்ற பிரிவில் மறுவருகையை எதிர்பார்க்க முடியாது. அங்கே "பக்கத்துக் கட்டில்காரர் சொன்னார்" என்று வருபவரை எண்ண வேண்டும்.

ஒரு பிரிவைத் தேர்வது என்றால் வேறு சிலருக்கு மறுப்பதும் சேர்ந்ததே. வார இறுதி மாலையில் உடனடி வேலை எடுக்கும் தையற்காரர், அந்த நேரத்தில் ஜாக்கெட் அளவு எடுப்பதை நிறுத்தியாக வேண்டும். பழைய வாடிக்கையாளருக்கு வருத்தம் இருக்கும். "செவ்வாய், புதன்ல வாங்கம்மா, உட்கார வெச்சு அளவெடுக்கறேன்" என்று ஒரு நேரத்தை ஒதுக்கிக் கொடுத்தால் அநேகர் ஏற்றுக்கொள்வர்.

படி 9: நிறுவனங்களும் ஒரு பிரிவே

கடைக்கு வரும் மனிதர்களை மட்டும் பார்த்துவிட்டு, மணலியில் சிபிசிஎல் எண்ணெய்ச் சுத்திகரிப்பு ஆலையும் மெட்ராஸ் ஃபெர்டிலைசர்ஸும், எண்ணூரில் அசோக் லேலண்டும், பெரம்பூர்ப் பக்கத்தில் ரயில் பெட்டித் தொழிற்சாலையான ஐசிஎஃப்பும் இருப்பதைப் பலர் மறந்துவிடுகிறார்கள். இவற்றுக்கு நேரடியாக உதிரிபாகம் வழங்குவது சிறியவருக்குக் கடினம். ஆனால் இவற்றுக்கு வேலை செய்யும் ஒப்பந்ததாரர்கள் நெருங்கத்தக்கவர்கள்: சீருடை தைத்தல், மரச்சட்டம் அடித்த பொதிகட்டல், கருவி வாடகை, தொழிலாளர் சாப்பாடு ஆகியவை அவர்களுடைய அன்றாடத் தலைவலிகள். இங்கும் "இப்போது எப்படிச் சமாளிக்கிறீர்கள்?" என்பதே முதல் கேள்வி.

மத்தியப் பொதுத்துறை நிறுவனங்கள் தங்கள் ஆண்டுக் கொள்முதலில் 25 விழுக்காட்டைக் குறு, சிறு நிறுவனங்களிடமிருந்து பெற வேண்டும் என்பது அரசின் கொள்முதல் கொள்கை; அதற்குள் பெண்கள் நடத்தும் நிறுவனங்களுக்கு 3 விழுக்காடும், பட்டியல் சாதி, பழங்குடியினர் நடத்துபவற்றுக்கு 4 விழுக்காடும் உள்ஒதுக்கீடு உண்டு. இதற்கு உத்யம் பதிவு, அதாவது குறு, சிறு நிறுவனம் என்று அரசிடம் பதிந்துகொள்வது, தேவை. 2020 ஜூலையில் நடைமுறைக்கு வந்த இந்த இணையப் பதிவுக்குக் கட்டணம் கிடையாது. பணம் கேட்கும் இணையதளம் எதுவானாலும் அது இடைத்தரகர் நடத்துவது. பொருள் விற்பனை ஆண்டுக்கு 40 லட்சத்தையும் சேவை 20 லட்சத்தையும் தாண்டினால் ஜிஎஸ்டி பதிவு கட்டாயம் என்றாலும், நிறுவனங்களுக்கு விற்க நினைப்பவர் அதற்கு முன்பே பதிந்துகொள்வது நல்லது. வரி வரவு (வாங்கும்போது கட்டிய வரியைத் தாம் கட்ட வேண்டிய வரியில் கழித்துக்கொள்வது) எடுக்க முடியாத பில்லை அவர்கள் விரும்புவதில்லை.

இந்தப் பிரிவில் உண்மையான சிக்கல் பணம் வரும் காலம். 2006-ஆம் ஆண்டின் குறு, சிறு, நடுத்தர நிறுவனங்கள் சட்டப்படி, குறு, சிறு நிறுவனங்களுக்கான தொகையை எழுத்து ஒப்பந்தம் இருந்தால் அதில் குறித்த நாளுக்குள், எப்படியும் 45 நாள்களுக்கு மேற்படாமல், ஒப்பந்தம் இல்லாவிட்டால் 15 நாள்களுக்குள் வாங்குபவர் செலுத்த வேண்டும். இந்தப் பாதுகாப்பு உற்பத்தி செய்பவருக்கும் சேவை வழங்குபவருக்கும் உரியது. சரக்கை வாங்கி அப்படியே விற்கும் வணிகருக்கு, அவரிடம் உத்யம் சான்று இருந்தாலும், கிடையாது. ஆகவே சீருடையைத் தாமே தைத்துக் கொடுப்பவர் 45 நாள் கெடுவை ஒப்பந்தத்தில் எழுதிவாங்கலாம். பாரிமுனையில் தயாராக வாங்கி வழங்குபவரோ பாதித் தொகையை முன்பணமாகக் கேட்டுப் பெற்ற பிறகே சரக்கை எடுக்க வேண்டும். முன்பணம் தரமாட்டேன் என்பவர் எவ்வளவு பெரிய ஆர்டர் வைத்திருந்தாலும் அவரை உங்கள் பிரிவுப் பட்டியலிலிருந்து அடித்துவிடலாம்.